ஸ்கீமா இல்லாமல் இல்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ் (புரோகிராமின் ஆப்ஜெக்டுகளை டேபிளாக்காமல் அப்படியே சேமிப்பது) பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மற்றதெல்லாம் சரி, ஆனால் 'இதில் ஸ்கீமா கிடையாது, அதனால் அதை மாற்றுகிற தலைவலியும் கிடையாது' என்று போகிற போக்கில் எழுதியிருந்ததை மட்டும் என்னால் விட முடியவில்லை. ஸ்கீமா, அதாவது தகவல் எந்த வடிவில் இருக்கும் என்ற வரையறை, இருக்கிறது. டேபிளில் இல்லாமல் கிளாஸில், அதாவது ஆப்ஜெக்டுகளை வார்க்கும் அச்சில், இருக்கிறது, அவ்வளவுதான்.

நான் பழகியது பைத்தானில் இயங்கும் இசட்ஓடிபி (ZODB) என்ற ஆப்ஜெக்ட் டேட்டாபேஸ். அதில் ஒரு கிளாஸில் புது ஃபீல்டு சேர்த்து, 'இனிட்'டில் (ஆப்ஜெக்டை முதலில் உருவாக்கும்போது ஓடும் பகுதி) மதிப்பும் கொடுத்து, டெஸ்ட் டேட்டாபேஸில் ஓட்டினால் ஜோராக ஓடும், ஏனென்றால் அங்கே இருப்பதெல்லாம் அன்று காலையில் உருவாக்கியவை. லைவ் டேட்டாபேஸில் மூன்று வருடத்துக்கு முன் சேமித்த ஆப்ஜெக்டை எடுக்கும்போது 'இனிட்' ஓடுவதே இல்லை. அன்று என்ன எழுதி வைத்தோமோ அதுதான் வரும். புது ஃபீல்டைத் தொட்டதும் ஆட்ரிபியூட் எரர், அதாவது அப்படியொரு ஃபீல்டே இல்லை என்ற பிழை.

சுலபமான வழி, டிஃபால்ட் மதிப்பைக் கிளாஸ் மட்டத்திலேயே எழுதிவிடுவது. எண்ணோ எழுத்தோ என்றால் அதுவே போதும். லிஸ்ட் மட்டும் வைத்துவிடாதீர்கள்! அந்த ஒரே லிஸ்டை எல்லா ஆப்ஜெக்டும் பங்கு போட்டுக்கொள்ளும், அதில் சேர்த்தது டேட்டாபேஸுக்கும் போகாது, சர்வரை நிறுத்தித் தொடங்கினால் மாயமாகிவிடும். ஒரு நாள் முழுக்க இதைத் தேடி அலைந்திருக்கிறேன்.

பழைய ஆப்ஜெக்டைப் படிக்கும்போதே திருத்திச் சேமித்துக்கொள்ளலாமே என்பார்கள் சிலர். எனக்கு அது பிடிக்காது. சும்மா பார்க்க வந்த பக்கம்கூட எழுத ஆரம்பித்துவிடும், ஒரே ஆப்ஜெக்டை ஒரே நேரத்தில் இரண்டு பேர் திறந்தால் கான்ஃப்ளிக்ட் எரர். அதைவிடத் தனி ஸ்கிரிப்ட் எழுதி, ஆயிரம் ஆயிரமாகத் திருத்தி கமிட் செய்து (டேட்டாபேஸில் பதிந்து), ஒவ்வொரு முறையும் மெமரியில் தேங்கும் கேஷைக் காலி செய்துகொண்டே போவது மேல். மொத்தத்தையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் திணித்தால் மெமரி தாங்காது, நடுவில் யாராவது ஒரு ஆப்ஜெக்டை மாற்றியிருந்தால் கடைசியில் கமிட் ஆகாமல் அத்தனை உழைப்பும் வீண். இசட்ஓடிபி தகவலைச் சேமிக்கும் ஃபைல்ஸ்டோரேஜ் பழையதை அழிக்காமல் வாலில் சேர்த்துக்கொண்டே போகும் என்பதால் டிஸ்க்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். அதனால்தான் தப்பு நடந்தாலும், அதற்குப்பின் அதே ஆப்ஜெக்டை யாரும் தொடாதவரை அன்டூ செய்ய முடிகிறது, ஆகவே உடனே பேக் செய்ய (பழைய பதிவுகளை நீக்க) ஓடாதீர்கள்.

கிளாஸின் பெயரையோ மாட்யூலையோ மாற்றுவது இன்னும் வம்பு. ஆப்ஜெக்டோடு சேர்ந்து அந்தப் பெயரும் சேமிக்கப்பட்டிருக்கிறது. பழைய இடத்தில் ஒரு மாற்றுப்பெயராவது விட்டுவைக்காவிட்டால் வெளியே வருவது தன் கிளாஸைக் கண்டுபிடிக்க முடியாத புரோக்கன் ஆப்ஜெக்ட்தான்.

அப்புறம், ஜீயோ (ZEO) என்ற பகிர்வு மென்பொருள் வழியாக நாலைந்து சர்வர் ஒரே டேட்டாபேஸைப் பயன்படுத்தினால், எல்லாவற்றிலும் புது கோடு ஏறிய பிறகே ஸ்கிரிப்டை ஓட்டுங்கள். பழைய கோடோடு ஒரே ஒரு சர்வர் மிச்சமிருந்தாலும், நீங்கள் இந்தப் பக்கம் திருத்தத் திருத்த, அது அந்தப் பக்கம் பழைய வடிவத்திலேயே புது ஆப்ஜெக்டுகளை எழுதிக்கொண்டிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்