ஹிட்லருக்குப் பெரும்பான்மை கிடைத்ததே இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹிட்லரின் இளமைப் பருவத்தையும் அவர் ஆட்சிக்கு வந்த விதத்தையும் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாணவர்கள் கத்தரித்து எடுத்து வைத்துக்கொள்ளும் பக்கம் அது. அதில் இரண்டு செய்திகள் பிழையாகப் பதிந்துவிட்டன. ஓவியக் கல்லூரியில் இடம் கிடைக்காத ஏமாற்றம்தான் அவரைச் சர்வாதிகாரி ஆக்கியது என்பது ஒன்று. ஜெர்மானிய மக்கள் பெரும்பான்மை வாக்களித்து அவரை அரியணையில் அமர்த்தினார்கள் என்பது இன்னொன்று. இரண்டும் திரும்பத் திரும்ப எழுதப்படுவதால், சற்று விரிவாகவே பதில் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் இளமைப் பருவம். 1889 ஏப்ரல் 20 அன்று ஹிட்லர் ஆஸ்திரியாவின் எல்லை ஊரான பிரவுனாவில் பிறந்தார். தந்தை அலோய்ஸ் சுங்கத் துறை அதிகாரி, ஓய்வூதியம் பெற்றவர். பரம ஏழைக் குடும்பம் என்பது பின்னாளில் கட்டப்பட்ட கதை. தந்தை 1903-இல் இறந்தார், தாய் கிளாரா 1907 டிசம்பரில் மார்பகப் புற்றுநோயால் இறந்தார். தாய்க்கு மருத்துவம் பார்த்த எட்வர்ட் பிளாக் யூதர் என்பதால் அங்கேயே பகை தொடங்கியது என்று சிலர் எழுதுகிறார்கள். ஆனால் ஹிட்லர் அந்த மருத்துவருக்கு நன்றி தெரிவித்தார். 1938-இல் ஆஸ்திரியாவைப் பிடித்த பிறகு அவருக்குத் தனிப் பாதுகாப்பும் தரப்பட்டது. வியன்னா நுண்கலைக் கழகம் ஹிட்லரை 1907-இல் தேர்வில் தோற்கடித்தது, 1908-இல் தேர்வு எழுதவே விடவில்லை. 1910 முதல் 1913 வரை மெல்டமான் தெருவின் ஆண்கள் விடுதியில் தங்கி, கட்டடங்களின் படங்களை வரைந்து விற்றார். அவற்றை வாங்கி விற்றவர்களில் யூத வணிகர்களும் இருந்தார்கள். ஓவியராக முடியாமல் போன இளைஞர்கள் அந்த நகரில் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் மட்டும் ஏன் ஜெர்மனியின் அதிபதி ஆனார் என்ற கேள்விக்கு இந்த வாழ்க்கைக் குறிப்பில் விடை இல்லை.

விடையின் முதல் இழை ராணுவத்தில் இருக்கிறது. 1914 பிப்ரவரியில் சால்ஸ்பர்க்கில் ஆஸ்திரிய ராணுவத்தின் உடல் தகுதிச் சோதனையில் அவர் தேறவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெர்மனியின் தென்பகுதியான பவேரியாவின் படை அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆஸ்திரியக் குடிமகனை அந்தப் படையில் சேர்க்கவே கூடாது, யாரும் சரிபார்க்கவில்லை. நான்கு ஆண்டுகள் செய்தி கொண்டு செல்லும் வீரராக இருந்து, கெஃப்ரைட்டர் என்ற கடைநிலைப் பதவிக்கு மேல் உயராமலே போர் முடிந்தது. 1918 ஆகஸ்டில் கிடைத்த முதல் வகுப்பு இரும்புச் சிலுவை என்ற வீரப் பதக்கத்துக்கு அவரைப் பரிந்துரைத்த அதிகாரி ஹியூகோ குட்மான் ஒரு யூதர்.

போர் முடிந்த பிறகும் அவர் படையை விட்டுப் போகவில்லை. போவதற்கு வேறு இடமும் இல்லை. மியூனிக்கில் ராணுவத்தின் பிரசாரப் பிரிவை நடத்திய கேப்டன் கார்ல் மையர், 1919 ஜூனில் அவரை அரசியல் பேச்சுப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார். பேசினால் கூட்டம் கேட்கிறது என்பது அங்கேதான் தெரிந்தது. 1919 செப்டம்பர் 12 அன்று பின்னாளில் நாஜிக் கட்சியாக மாறிய ஜெர்மன் தொழிலாளர் கட்சி என்ற சிறு குழுவின் கூட்டத்துக்குப் போனதும் படை அனுப்பித்தான். அங்கே அவருக்குக் கிடைத்த உறுப்பினர் எண் 555. ஆள் அதிகம் போலத் தோன்ற எண்களை 501-இலிருந்து தொடங்கியிருந்தார்கள். 1920 மார்ச் இறுதி வரை ராணுவச் சம்பளம் வாங்கிக்கொண்டே கட்சி வேலை செய்தார். அவரைக் கண்டெடுத்த மையர் பிற்காலத்தில் சமூக ஜனநாயகக் கட்சிக்கு மாறி, 1945-இல் புகன்வால்ட் வதை முகாமில் இறந்தார்.

அடுத்து 1923 நவம்பர் 8, 9 தேதிகளில் மியூனிக்கில் ஹிட்லர் நடத்திய ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி. நான்கு காவலர்கள் கொல்லப்பட்டார்கள். கட்டுரை இதை ஒரே வரியில், "தோல்வியடைந்து சிறை சென்றார்" என்று முடித்துவிடுகிறது. உண்மையில் கவனிக்க வேண்டியது அந்த வழக்குதான். குடியரசைக் காக்கும் சட்டப்படி அதை லைப்சிக்கில் உள்ள தனி நீதிமன்றம் விசாரித்திருக்க வேண்டும். பவேரிய அரசு விட்டுக்கொடுக்காமல் தன் மக்கள் நீதிமன்றத்திலேயே நடத்தியது. நீதிபதி கியோர்க் நைட்ஹார்ட், குற்றவாளிக் கூண்டில் நின்றவரை மணிக்கணக்கில் பேச விட்டார். நாடு முழுவதும் நாளேடுகள் அதை அச்சிட்டன. மியூனிக்குக்கு வெளியே அறியப்படாத ஒருவர் அந்த ஐந்து வாரத்தில் தேசிய அளவில் பெயர் பெற்றார்.

தீர்ப்பு 1924 ஏப்ரல் 1 அன்று வந்தது: ஐந்தாண்டு கோட்டைச் சிறை (கடுமை குறைந்த காவல்), ஆறு மாதத்துக்குப் பின் நன்னடத்தை விடுதலைக்கு வாய்ப்பு. இதில் இரண்டு இடங்களில் சட்டம் மீறப்பட்டது. எதிர்க்கட்சிக் கூட்டத்தில் புகுந்து தாக்கிய வழக்கில் 1922-லேயே அவர் தண்டனை பெற்று, ஒரு பகுதியை மட்டும் அனுபவித்து, மீதியை நன்னடத்தை உறுதியில் கழித்துக்கொண்டிருந்தவர். அப்படிப்பட்டவருக்கு மீண்டும் அந்தச் சலுகை பொருந்தாது. மேலும், இத்தகைய குற்றத்தில் தண்டனை பெற்ற வெளிநாட்டவரை நாடு கடத்த வேண்டும் என்று குடியரசைக் காக்கும் சட்டம் சொல்லியது. ஹிட்லரைப் போல ஜெர்மானிய உணர்வு கொண்ட ஒருவருக்கு அந்தப் பிரிவு பொருந்தாது என்று நீதிமன்றம் ஒதுக்கிவிட்டது. பிறகு பவேரியக் காவல்துறை அவரை அனுப்பிவிட முயன்றபோது ஆஸ்திரியா ஏற்க மறுத்தது. 1924 டிசம்பர் 20 அன்று அவர் வெளியே வந்தார். தண்டனை விதித்து ஒன்பது மாதம்கூட ஆகவில்லை.

1925-இல் ஆஸ்திரியக் குடியுரிமையையும் அவரே துறந்தார். அதன்பின் ஏழு ஆண்டுகள் அவர் எந்த நாட்டின் குடிமகனும் இல்லை; தேர்தலில் நிற்க முடியாது. துரிங்கியா மாநிலத்தில் அமைச்சராக இருந்த நாஜிக் கட்சிக்காரர் ஃப்ரிக், 1930-இல் ஒரு சிற்றூரின் காவல் அதிகாரியாக அவரை நியமித்துக் குடியுரிமை வாங்கித் தர முயன்றார். கேலிக்கு அஞ்சி அது கைவிடப்பட்டது. 1932 பிப்ரவரி 22 அன்று குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு அவர் வேட்பாளர் என்று கட்சியின் பிரசாரத் தலைவர் கோயபல்ஸ் அறிவித்தபோதுகூட அவர் குடிமகன் இல்லை. மூன்று நாள் கழித்து, தன் கட்சிக்காரர் உள்துறை அமைச்சராக இருந்த பிரவுன்ஷ்வைக் மாநிலம் அவரை அரசு ஆலோசகராக நியமித்தது. அரசுப் பணி கிடைத்தால் குடியுரிமை தானே வரும் என்ற விதி அங்கே கைகொடுத்தது.

இனி வாக்குக் கணக்கு. 1928 மே மாதம் நாஜிக் கட்சி பெற்றது 2.6 சதவீதம், 12 இடங்கள். 1929-இல் உலகப் பொருளாதார நெருக்கடி தொடங்கியது. 1930 மார்ச்சில் வேலையில்லாதோர் காப்பீட்டுக்கு யார் எவ்வளவு கட்டுவது என்ற தகராறில் ஹெர்மன் முல்லரின் கூட்டணி அரசு கவிழ்ந்தது. நாடாளுமன்றப் பெரும்பான்மையுடன் ஜெர்மனியை ஆண்ட கடைசி அரசு அதுதான். பின்னர் சான்சலராக, அதாவது அரசின் தலைவராக வந்த புரூனிங், அரசியல் சட்டத்தின் 48-ஆம் பிரிவின்படி குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க் கையெழுத்திடும் அவசர ஆணைகளை வைத்து ஆண்டார். சம்பளத்தையும் உதவித் தொகையையும் வெட்டினார். 1931-இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டங்கள் 34, அவசர ஆணைகள் 44. 1932-இல் சட்டங்கள் ஐந்தே ஐந்து. ஆக, நாடாளுமன்றத்தை ஒதுக்கிவிட்டு ஆளும் பழக்கம் ஹிட்லர் வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே வேரூன்றிவிட்டது. என் கருத்தில், இளமைப் பருவக் கதைகள் எல்லாவற்றையும்விட இந்தச் செய்திக்கே கட்டுரையில் அதிக இடம் தந்திருக்க வேண்டும்.

1930 செப்டம்பரில் அவர் கட்சி 18.3 சதவீதமும் 107 இடங்களும் பெற்றது. 1932 ஏப்ரலில் குடியரசுத் தலைவர் தேர்தலின் இரண்டாம் சுற்றில் ஹிண்டன்பர்க் 53 சதவீதம், ஹிட்லர் 36.8 சதவீதம், அதாவது தோல்வி. 1932 ஜூலையில் 37.3 சதவீதம், 608-இல் 230 இடங்கள். சுதந்திரமான தேர்தலில் நாஜிக் கட்சி எட்டிய உச்சம் இதுதான். நவம்பரில் இருபது லட்சம் வாக்குகள் குறைந்து, 33.1 சதவீதமும் 196 இடங்களும் ஆயிற்று. கட்சிக் கருவூலமும் காலியாகிக்கொண்டிருந்தது. கட்சி சரிந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அவர் கையில் ஆட்சி வந்தது. கட்டுரையின் வாசகம் தலைகீழாக்குவது இதைத்தான்.

ஆட்சி எப்படி வந்தது? 1933 ஜனவரி 4 அன்று, கொலோன் நகரில் வங்கியாளர் ஷ்ரோடரின் வீட்டில், பதவி இழந்திருந்த முன்னாள் சான்சலர் பாப்பன் ஹிட்லரைச் சந்தித்தார். தன்னை வீழ்த்தி அப்போது சான்சலராக இருந்த ஷ்லைஷரைப் பழிவாங்குவது பாப்பனின் நோக்கம். ஹிட்லரைச் சான்சலர் ஆக்கிவிட்டு, தான் துணைச் சான்சலராக உட்கார்ந்து கடிவாளத்தைப் பிடித்துக்கொள்ளலாம் என்று ஹிண்டன்பர்க்கை நம்பவைத்தார். ஜனவரி 30 அன்று பதவியேற்ற அமைச்சரவையில் ஹிட்லர், ஃப்ரிக், கோரிங் ஆகிய மூவர் மட்டுமே நாஜிகள். அந்த மூன்று என்ற எண்ணைப் பார்த்துப் பழமைவாதிகள் நிம்மதி அடைந்தார்கள்.

அவர்கள் பார்க்கத் தவறியது காவல்துறையை. ஜெர்மனியில் காவல்துறை மத்திய அரசிடம் இல்லை, மாநிலங்களிடம் இருந்தது. நாட்டின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கான பிரஷ்யாவில் அது சமூக ஜனநாயகக் கட்சியினர் கையில் இருந்தது. 1932 ஜூலை 20 அன்று, சான்சலராக இருந்த இதே பாப்பன், அவசர ஆணை போட்டு பிரஷ்ய அரசைக் கலைத்து, அதன் நிர்வாகத்தை மத்திய அரசின் கீழ் கொண்டுவந்தார். ஆறு மாதம் கழித்து அந்தச் சாவி அப்படியே கோரிங்கிடம் போய்ச் சேர்ந்தது. இலாகா இல்லாத அமைச்சர் என்று பெயர் பெற்ற அவர்தான் பிரஷ்ய உள்துறைப் பொறுப்பாளர். 1933 பிப்ரவரி 17 அன்று, எதிரிகளைச் சுடத் தயங்கக் கூடாது என்று அவர் காவலர்களுக்கு ஆணையிட்டார். 22 அன்று நாஜிக் கட்சியின் சீருடைப் படைகளான எஸ்.ஏ., எஸ்.எஸ்., முன்னாள் படைவீரர்களின் எஃகுத் தலைக்கவசச் சங்கம் ஆகியவற்றின் ஆட்கள் 50,000 பேர் கையில் பட்டை கட்டித் துணைக் காவலர் ஆனார்கள். நேற்றுவரை தெருவில் அடித்தவர் இன்று கைது செய்யும் அதிகாரி.

பிப்ரவரி 27 இரவு நாடாளுமன்றக் கட்டடம் எரிந்தது. மறுநாள் ஹிண்டன்பர்க் கையெழுத்திட்ட ஆணை, அரசியல் சட்டத்தின் 114, 115, 117, 118, 123, 124, 153 ஆகிய ஏழு பிரிவுகளை நிறுத்திவைத்தது. தனிமனித விடுதலை, வீட்டுக்குள் நுழையத் தடை, கடித ரகசியம், பேச்சு, கூட்டம், சங்கம், சொத்து எல்லாம் அதில் அடக்கம். நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகாமல் எவ்வளவு காலம் வேண்டுமானாலும் அடைத்துவைக்க இந்த ஒற்றை ஆணை போதுமானதாக இருந்தது. 1945-இல் ஆட்சி வீழும்வரை அது நீக்கப்படவே இல்லை. இவ்வளவுக்குப் பிறகும் மார்ச் 5 தேர்தலில் நாஜிகளுக்குக் கிடைத்தது 43.9 சதவீதம், 647-இல் 288 இடங்கள். கூட்டாளிகளான தேசியவாதிகளின் 52 இடங்களைச் சேர்த்தால்தான் பாதியைத் தாண்டியது.

நாடாளுமன்றம் இல்லாமல் அரசே சட்டம் இயற்ற வழிசெய்த மார்ச் 23-இன் அதிகாரமளிப்புச் சட்டம் பற்றிக் கட்டுரை சொல்வதும் திருத்தப்பட வேண்டும். கம்யூனிஸ்டுகளை உள்ளே விடாததால்தான் அது நிறைவேறியது என்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரசியல் சட்டத்தை மாற்ற மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அவையில் இருக்க வேண்டும். இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். 647-க்கு அது 432. ஆதரவாக விழுந்தவை 444, எதிராக 94. எதிர்த்த 94 பேரும் சமூக ஜனநாயகக் கட்சியினர். கைதாலும் தலைமறைவாலும் வர முடியாத அக்கட்சியின் மற்ற 26 பேரும், 81 கம்யூனிஸ்டுகளும் வந்து எதிர்த்திருந்தால்கூட 444 போதும். முடிவு செய்தது 73 இடங்கள் கொண்ட, மையக் கட்சி என்னும் கத்தோலிக்கக் கட்சி. அவர்கள் வெளிநடப்பு செய்து, கம்யூனிஸ்டுகளோடு சமூக ஜனநாயகக் கட்சியினரும் வராமல் இருந்திருந்தால் அவையில் அதிகபட்சம் 373 பேர்தான் இருந்திருப்பார்கள், கூட்டமே செல்லாது. இந்த ஆபத்தை உணர்ந்துதான், அவைத்தலைவரான கோரிங் அன்றே நடைமுறை விதியை மாற்றி, காரணமில்லாமல் வராதவர்களை வந்தவர்களாகக் கணக்கிட வைத்தார். மையக் கட்சித் தலைவர் காஸ் தன் கட்சியினரை ஆதரவாக வாக்களிக்கச் செய்தார். திருச்சபையின் உரிமைகள் பற்றி ஹிட்லர் எழுத்தில் தருவதாகச் சொன்ன கடிதம் வரவே இல்லை. சீருடைப் படையினர் சூழ்ந்து நிற்க, கட்டடம் எரிந்ததால் அவை கூடிய குரோல் நாடக அரங்கில் எழுந்து நின்று எதிர்த்துப் பேசிய கட்சித் தலைவர் ஓட்டோ வெல்ஸ் ஒருவரே. அவர் பெயர்கூடக் கட்டுரையில் இல்லாதது எனக்கு மிகவும் வருத்தமளிக்கிறது.

மீதி வேகமாக நடந்தது. மே 2 அன்று தொழிற்சங்கங்கள் கைப்பற்றப்பட்டன. ஜூலை 5 அன்று மையக் கட்சி தன்னைத்தானே கலைத்துக்கொண்டது. ஜூலை 14 அன்று ஒரே கட்சிச் சட்டம் வந்தது. 1934 ஜூன் 30-இல் ஹிட்லர் தொடங்கிய படுகொலையில் ஷ்லைஷர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1923-இல் கலகத்தை அடக்கிய பவேரியாவின் கார் என்பவரும் கொல்லப்பட்டார். ஆகஸ்ட் 2 அன்று ஹிண்டன்பர்க் இறந்ததும் குடியரசுத் தலைவர், சான்சலர் ஆகிய இரு பதவிகளும் ஹிட்லரிடம் ஒன்றாயின. இதற்கு ஒப்புதல் கேட்ட ஆகஸ்ட் 19 வாக்கெடுப்பில் கிடைத்த ஏறத்தாழ 90 சதவீதத்தைத்தான் பலர் "பெரும்பான்மை" என்று குழப்பிக்கொள்கிறார்கள். வேறு கட்சியோ எதிர்க்கட்சிப் பத்திரிகையோ இல்லாத நாட்டில் எடுத்த வாக்கெடுப்பு அது.

எனவே, "மக்கள் பெரும்பான்மை வாக்குகளால் தேர்ந்தெடுத்தனர்" என்ற வரியை நீக்கி, 1928 முதல் 1933 மார்ச் வரையிலான தேர்தல் எண்களை அடுத்த ஞாயிறு இணைப்பில் ஒரு பெட்டிச் செய்தியாக வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். ஓட்டோ வெல்ஸின் பெயரும் அதில் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
ஐரோப்பிய வரலாறு கற்பிக்கும் வாசகர்