மலைச்சாலைப் பொறியாளர்களுக்கு: ஓரங்கட்ட ஓர் இடம் கொடுங்கள்

மலைச்சாலைகளுக்குக் கோடு போடும் பொறியாளர்களுக்கும், அவற்றைப் பராமரிக்கும் துறையினருக்கும் வணக்கம்.

நான் தொழில்முறைப் புகைப்படக்காரன் அல்ல. நாலு நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை கிடைத்தால் காரை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் கிளம்பிவிடுபவன். பின் இருக்கையில் கேமரா பை, டிக்கியில் முக்காலி, பல வருடங்களாக இப்படித்தான். ஒரு மாலை நேரத்தில் நடந்தது மனத்தைவிட்டுப் போகாததால்தான் இதை எழுதுகிறேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். இறக்கத்தில் வந்துகொண்டிருந்தேன். ஒரு வளைவு திரும்பியதும் பள்ளத்தாக்கு முழுசாகக் கண்ணில் பட்டது. கீழே மேகம் தேங்கிக் கிடந்தது. அதற்கு மேல் ஒன்றன்பின் ஒன்றாக ஐந்தாறு மலைவரிசைகள். கடைசி வரிசையின் உச்சியில் மட்டும் வெயில். கால் தானாக பிரேக்குக்குப் போய்விட்டது. ஓரங்கட்டவோ இடமில்லை. ஒரு பக்கம் வடிகாலும் அதையொட்டிப் பாறையும், மறுபக்கம் தடுப்புக் கம்பி, முன்னால் அடுத்த வளைவு. பாதி வண்டி தார்மேல் நிற்க, அங்கேயே நிறுத்தினேன். கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தபோது பின்னாலிருந்து லாரியின் ஹாரன். அந்த ஓட்டுநர் எதிர்த்தடத்துக்குள் ஒடித்துத் திருப்பி என்னைத் தாண்டிப் போனார். எதிரே வண்டி எதுவும் வரவில்லை. அதனால் அவரும் இருக்கிறார், நானும் இருக்கிறேன்.

தப்பு என்னுடையது. அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் அங்கிருந்து கிளம்பி அரை கிலோமீட்டர்கூடப் போகவில்லை, நல்ல அகலமான நிறுத்துமிடம் ஒன்று வந்தது. தார் போட்டு, வெள்ளைக் கோடு அடித்து, ஏழெட்டுக் கார் நிற்கும் அளவுக்கு இருந்தது. அங்கே இறங்கி நின்றால் தெரிந்தது ஒரு மண்மேடும் புதரும்தான். மலையை வெட்டியபோது மிச்சப்பட்ட இடத்தைச் சமப்படுத்தி விட்டிருக்கிறார்கள். அதே இடம் முந்தைய வளைவில் இருந்திருக்கக் கூடாதா என்று அன்றைக்கு இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓடுகிற வண்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். ஓட்டுகிறவர் கேமராவைத் தொடவே கூடாது, அதை விடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எடுத்தாலும் சரியாக வருவதில்லை. ஷட்டரை ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு வைத்தாலும், 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி அதற்குள் ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். தூரத்து மலை கூர்மையாக விழும். ஆனால் அருகிலுள்ள புல்லும் பாறையும் கோடுகளாக இழுபடும். அருகில் ஏதாவது ஒன்று கூர்மையாக இல்லாமல் மலையின் உயரம் படத்தில் உறைக்காது. கண்ணாடி வழியாக எடுத்தால் டாஷ்போர்டின் பிம்பமும் சேர்ந்து விழும். பிம்பத்தைக் குறைக்க போலரைசர் ஃபில்டர் போட்டால், பக்கவாட்டு ஜன்னலின் கடினப்படுத்திய கண்ணாடியில் திட்டுத்திட்டாக நிறங்கள் தெரியத் தொடங்கும். எல்லாவற்றையும் செய்து பார்த்துவிட்டேன். இறங்கித்தான் ஆக வேண்டும்.

சரி, மெதுவாகப் போய் வசதியான இடத்தில் இறங்கலாமே என்றால், வெளிச்சம் காத்திருப்பதில்லை. சூரியன் வானத்தில் தன் அகலம் அளவுக்கு நகர ஏறக்குறைய 2 நிமிடம் போதும். முகட்டைத் தொட்ட சூரியன் மறைய ஆகும் நேரம் பெரும்பாலும் அதை ஒட்டியதுதான். மலையில் நிழல் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி ஏறும். கீழிருந்து ஒவ்வொரு சரிவாக அணைந்துகொண்டே போவதைக் கண்ணால் பார்க்கலாம். அந்தச் சில நிமிடங்களில் நான் எங்கே நிற்க முடிகிறது என்பதைப் பல வருடங்களுக்கு முன்பே உங்கள் வரைபடம் முடிவு செய்துவிட்டது.

உலகத்தில் மிகப் புகழ்பெற்ற நிலக்காட்சிப் படங்களில் ஒன்று இப்படி ஒரு சாலையோரத்தில் எடுக்கப்பட்டது. 1941 நவம்பர் 1ஆம் தேதி மாலை, அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், புகைப்படக் கலைஞர் அன்செல் ஆடம்ஸ் நாள் முழுக்கச் சரியான படம் அமையாமல் காரில் திரும்பிக்கொண்டிருந்தார். ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூர் அருகே வரும்போது, பனி படிந்த மலைத்தொடருக்கு மேலே நிலா எழுந்திருப்பதையும், ஊரின் கல்லறைச் சிலுவைகள்மேல் கடைசி வெயில் படிந்திருப்பதையும் பார்த்தார். கார் பள்ளத்தில் இறங்கிவிடாத குறையாக ஓரங்கட்டினார். 8க்கு 10 அங்குல ஃபிலிம் போடும் பெரிய கேமராவை நிறுத்தினார். ஒளி அளக்கும் மீட்டரைத் தேடினார், கிடைக்கவில்லை. நிலாவின் ஒளிச்செறிவு எவ்வளவு என்பது அவருக்கு நினைவில் இருந்ததால், அதை வைத்தே எக்ஸ்போஷரை, அதாவது படத்துக்கு எவ்வளவு ஒளி விட வேண்டும் என்பதை, மனக்கணக்காகக் கண்டுபிடித்து ஒரு படம் எடுத்தார். இரண்டாவது எடுப்பதற்குள் சிலுவைகள்மேல் இருந்த வெயில் போய்விட்டது. ஒரே ஒரு நெகட்டிவ்தான். அந்த இடத்தில் வண்டியை ஒதுக்க இடம் இல்லாமல் இருந்திருந்தால் அந்தப் படமே இல்லை.

அவர் கைதேர்ந்த மேதை. ஆனால் அன்று அவரைக் காப்பாற்றியது சமதளமான சாலையோரம். மலைச்சாலையில் வளைவு திரும்பியவுடன் ஒருவர் அப்படி நிறுத்தினால் என்ன ஆகும் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஓட்டுநரின் எதிர்வினைக்கு 2.5 விநாடி என்று நீங்கள்தான் கணக்கு வைக்கிறீர்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் அதற்குள்ளேயே வண்டி 40 மீட்டரைத் தாண்டிவிடும். பிரேக் பிடித்து நிற்க, உங்கள் கணக்குப்படி சமதளத்திலேயே ஏறத்தாழ அவ்வளவு தூரம் இன்னும் வேண்டும். இறக்கமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். என் பின்னால் வந்த லாரிக்கு அந்த வளைவில் இதில் பாதித் தூரம்கூடப் பார்வை இருந்திருக்காது.

நின்று பார்க்கத்தான் இந்த வளைவு என்று எண்ணியே போட்ட சாலைகளும் உண்டு. அமெரிக்காவின் ப்ளூ ரிட்ஜ் பார்க்வே 1935இல் தொடங்கப்பட்டது. சுமார் 755 கிலோமீட்டர் நீளம். அதன் பாதையை வகுத்ததில் முதன்மையானவர் ஸ்டான்லி அபாட் என்ற நிலக்காட்சி வடிவமைப்பாளர். சாலையோடு சாலையாகவே காட்சிமுனைகளையும் திட்டமிட்டார்கள். சரக்கு வண்டிகளுக்கு அங்கே இடமில்லை. வேகமும் பெரும்பாலும் மணிக்கு 72 கிலோமீட்டருக்குள்தான். நார்வேயில் 18 சாலைகளைத் தேசியக் காட்சிச் சாலைகளாகத் தேர்ந்தெடுத்து, நிறுத்தங்களை வடிவமைக்கும் வேலையைக் கட்டடக் கலைஞர்களிடம் ஒப்படைத்தார்கள். அவற்றில் ஒன்றான ஸ்டேகஸ்டைன் மேடை, கடல் நீர்ப் பள்ளத்தாக்குக்கு 650 மீட்டர் உயரத்தில், மலைச்சரிவிலிருந்து 30 மீட்டர் வெளியே நீண்டு நிற்கிறது. படங்களில் பார்த்தாலே கால் கூசுகிறது.

ஆனால் நான் கேட்பது அந்த மாதிரி மேடை இல்லை. கண்ணாடித் தரையும் நுழைவுச்சீட்டும் வந்துவிட்டால் கூட்டம் வரும், கடைகள் வரும், நேரக் கட்டுப்பாடும் வரும். விடியலுக்கு முன் வருகிறவனுக்குக் கதவு பூட்டியிருக்கும். நான் கேட்பது நாலைந்து கார் நிற்கும் அளவுக்கு ஜல்லி போட்டுச் சமன்செய்த ஒரு தரை. பள்ளத்தாக்குப் பக்கம் இருக்க வேண்டும். 300 மீட்டர் முன்பே ஒரு பலகை இருந்தால் ஓட்டுகிறவர் தயாராகிக்கொள்வார். அது தெரியாமல்தான் நாங்கள் கடைசி நொடியில் பிரேக் அடிக்கிறோம். இறக்கத்தில் வருகிறவருக்கும் ஏற்றத்தில் வருகிறவருக்கும் தனித்தனியாக இருந்தால் யாரும் தடம் மாறி எதிர்ப்பக்கம் போக வேண்டியிருக்காது. இரண்டும் முடியாத இடத்தில், எதிர்ப்பக்கம் திரும்புகிறவருக்கு இரு திசையிலும் போதுமான பார்வைத் தூரம் இருக்கிற வளைவாகப் பார்த்துக் கொடுங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அளவெடுக்க வருகிறவர்கள் பெரும்பாலும் நடுப்பகலில் வேலை செய்கிறார்கள். உச்சி வெயிலில் மலை தட்டையாக, ஒரே பச்சையாக, ஒரே சாம்பலாகத் தெரியும். எந்த வளைவில் காட்சி இருக்கிறது என்பது அப்போது தெரியாது. பக்கவாட்டில் சாய்ந்து விழும் வெளிச்சத்தில்தான் சரிவின் மடிப்பும் ஓடைத் தடமும் எழுந்து நிற்கும். எட்ட எட்டப் போகப் போக வரிசைகள் வெளுத்து நீலமாகிக்கொண்டே போவது, நமக்கும் மலைக்கும் நடுவிலுள்ள காற்று நீல ஒளியை அதிகமாகச் சிதறடிப்பதால். காலையிலோ மாலையிலோ சூரியன் இருக்கும் பக்கமாகப் பார்க்கும்போது அந்த அடுக்குகள் ஒன்றுக்கொன்று பிரிந்து தெரியும். ஆகவே கிழக்கு பார்த்த ஒரு நிறுத்தமும் மேற்கு பார்த்த ஒரு நிறுத்தமும் ஒரு மலைச்சாலைக்குக் கட்டாயம் வேண்டும். திட்டத்தை முடிவு செய்யும் முன் ஒரே ஒரு நாள், விடியும்போது ஒருமுறையும் பொழுது சாயும்போது ஒருமுறையும் அந்தச் சாலையில் போய்வாருங்கள்.

அதற்கும் நேரமில்லை என்றால் தரையைப் பாருங்கள். தாரின் விளிம்பு உடைந்து, புல் தேய்ந்து, டயர் தடம் பதிந்திருக்கும் ஓரங்கள் ஒவ்வொரு மலைச்சாலையிலும் உண்டு. எங்கள் மாதிரி ஆட்கள் ஆபத்தைப் பொருட்படுத்தாமல் திரும்பத் திரும்ப நிறுத்துகிற இடங்கள் அவை. அங்கே 'நிறுத்தாதீர்' என்று பலகை வைப்பதுதான் இப்போது வழக்கம். பலகைக்குக் கீழேயே வண்டி நிற்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

சின்ன விஷயங்களும் உண்டு. இருக்கிற காட்சிமுனைக்கு நேர் முன்னால் மின்கம்பி போகிறது, அல்லது வரவேற்புப் பலகை நிற்கிறது. கம்பத்தைப் பத்து மீட்டர் தள்ளி நட்டிருந்தால் போதும். தடுப்புச்சுவரை மார்பளவு எழுப்பினால் குழந்தைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருகிறவர்களுக்கும் சிமெண்ட் மட்டும்தான் தெரியும். கீழ்ப்பாதி கம்பியாக இருந்தால் பாதுகாப்பும் இருக்கும், பார்வையும் இருக்கும். முன்னால் வளரும் புதரை ஆண்டுக்கு ஒருமுறை கழிக்க வேண்டும். நல்ல காட்சிமுனைகள் சில, பத்தாண்டில் வெறும் பச்சைச் சுவராக மாறிவிட்டதைப் பார்த்திருக்கிறேன்.

மலையை வெட்டுவது சின்ன வேலை இல்லை என்பது எனக்குத் தெரியும். நிறுத்துமிடத்துக்காக இன்னொரு சரிவைக் குடைந்து, அடுத்த மழையில் அது சரிந்து விழுந்தால் அந்தக் காட்சியால் யாருக்கு என்ன பயன்? வெட்டிய மண்ணைப் பள்ளத்தாக்கில் தள்ளினாலும் அதே கதைதான். ப்ளூ ரிட்ஜில் கடைசித் துண்டு 1987இல்தான் திறக்கப்பட்டது. அங்கிருந்த மலைச்சரிவைக் குடையாமல் இருப்பதற்காக, 153 கான்கிரீட் துண்டுகளைக் கோத்து லின் கோவ் என்ற பாலத்தைச் சரிவை ஒட்டி வளைத்துக் கட்டினார்கள். அந்தப் பொறுமையைத்தான் நான் மதிக்கிறேன். மண் தாங்காத இடத்தில் எங்களுக்கு நிறுத்தம் வேண்டாம். அந்தக் காட்சியை ஓடும் வண்டியிலிருந்து கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறோம்.

எங்கள் பக்கத்திலும் திருந்த வேண்டியது நிறைய. மெதுவாக ஏறும் லாரிகள் ஒதுங்கிப் பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிடப் போட்ட இடத்தில் முக்காலியை விரித்து நிற்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பிரேக் போன வண்டி ஏறி நிற்பதற்கான மணல் பாதையின் வாயில் காரை நிறுத்துகிறவர்களும் உண்டு. இதைச் செய்கிறவர்களுக்குத் தயங்காமல் அபராதம் போடுங்கள். இந்த இரண்டு இடமும் எதற்காக என்று பலகையில் படம் போட்டுக் காட்டினால், தெரியாமல் செய்கிற பாதிப்பேராவது விலகுவார்கள்.

கடைசியாக, செலவு அதிகம் ஆகாத ஒன்று. கூர்மையான வளைவுகளை நீங்கள் இப்போது நேராக்கிக்கொண்டு வருகிறீர்கள். அப்படி நேராக்கும்போது பழைய சாலையின் ஒரு பிறை வடிவத் துண்டு வெளிப்பக்கம் தனியாகக் கிடக்கும். அனேகமாக அது பள்ளத்தாக்கை ஒட்டியே இருக்கும். தார் ஏற்கெனவே இருக்கிறது, பல ஆண்டுகள் லாரிகளைத் தாங்கிய தரை, புதிதாக மலையை வெட்ட வேண்டாம். பழைய வளைவின் ஒரு முனை நுழைய, மறுமுனை வெளியேற. ஆனால் பல இடங்களில் அதன்மேல் வெட்டிய மண்ணைக் கொட்டிவிடுகிறார்கள், அல்லது இரண்டு முனையிலும் பாறாங்கல்லை உருட்டி அடைத்துவிடுகிறார்கள்.

நான் அன்று நிறுத்திய வளைவுக்கும் இப்போது அளவுக்கல் நட்டிருக்கிறார்கள். போன மாதம் அந்த வழியாகப் போனபோது, நிறுத்தாமலேதான், பார்த்தேன். சாலை உட்பக்கமாக நகரப்போகிறது. வெளிப்பக்கம் மிஞ்சப்போகும் அந்தத் துண்டின்மேல் தயவுசெய்து மண்ணைக் கொட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
அந்தப் பாதையில் மறுபடியும் வரப்போகும் ஒரு பயணி