பாவடியில் ஓர் ஆண்டு: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பேரவைக்கு வந்திருக்கும் சேலம் குகைப் பகுதி உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் தெரு நலச் சங்கம் செய்த பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். செயற்குழு மாதந்தோறும் தவறாமல் கூடியது. தெருவிளக்கு, சாக்கடை அடைப்பு, குடிநீர் வரும் நேரம் ஆகியவை பற்றி நாம் கொடுத்த மனுக்களின் நகல்கள் கோப்பில் உள்ளன, வேண்டுவோர் பார்த்துக்கொள்ளலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்கு ஒதுக்கிய நேரத்தை நம் தெருவின் திறந்த திடலான பாவடிக்கே எடுத்துக்கொள்கிறேன். இந்த ஆண்டு நம் உழைப்பில் பெரும்பகுதி அங்கேதான் இறங்கியது.

கட்டடக்கலை நான்காம் ஆண்டு படிக்கும் என்னிடம் சென்ற பேரவை ஒப்படைத்த வேலை, குப்பையும் முள்ளும் மண்டிக் கிடந்த பாவடியைத் தெருவார் உட்காரவும் பிள்ளைகள் ஓடியாடவும் ஏற்ற இடமாக்குவது. ஓரத்தில் ஒரு சிறு படிப்பகமும் வேண்டும் என்றீர்கள். இடத்துக்கு உரிய பெரியவர்கள் எழுத்திலேயே அனுமதி தந்தார்கள். அவர்களுக்குச் சங்கத்தின் நன்றி.

நான் முதலில் போட்ட வரைபடத்தில் நடுவே வட்டமான புல்தரை, அதில் ஒரு நீரூற்று, சுற்றிலும் பேவர் பிளாக் நடைபாதை. ஆனி மாதக் கூட்டத்தில் அதைச் சுவரில் ஒட்டினோம். வந்திருந்த பெண்கள் மூன்று கேள்விகள் கேட்டார்கள். ஆடித் திருவிழாவில் வண்டி வேடிக்கை ஊர்வலத்துக்கு ஜோடிக்கும் வண்டிகளை எங்கே நிறுத்துவது? கூழ் காய்ச்ச அடுப்பை எங்கே கூட்டுவது? குடிதண்ணீருக்கே குடத்தோடு காத்திருக்கும் தெருவில் புல்லுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது? ஒன்றுக்கும் அந்தப் படத்தில் விடை இல்லை. கல்லூரியில் அதற்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்கக்கூடும். ஆனால் இந்தத் தெருவுக்கு அது ஆகாது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

அடுத்த வாரம் கோடி வீட்டுத் தறிக்காரத் தாத்தா, "அந்த இடம் எதற்கு இருந்தது என்று தெரியாமல் என்னத்தை அம்மா வரைகிறாய்?" என்று கேட்டு, மறுநாள் விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பாவடிக்கு அழைத்துப் போனார். பாவு எனும் தறியின் நெடுக்கு இழைகளை இழுத்துக் கட்டிய முளைக் கற்கள் இரண்டு இன்னும் மண்ணுக்குள் இருந்தன. செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலால் தடவியே அவற்றைக் கண்டுபிடித்தார். ஒரு கல்லிலிருந்து இன்னொரு கல் வரை மெல்ல நடந்து காட்டினார். நீட்டிக் கட்டிய பாவில் அரிசிக் கஞ்சியைத் தோய்த்து, இருபுறமும் ஆட்கள் நின்று தூரிகையால் வாரிக்கொண்டே போவார்களாம். அறுந்த இழையை விரல் நுனியால் முறுக்கிச் சேர்ப்பார்களாம். வெயில் ஏறினால் கஞ்சி இழையில் முறுகிப்போகும். நிழலில் மெல்லக் காய்ந்தால்தான் பாவு தறியில் ஒழுங்காக ஓடும். அதனால்தான் மரங்கள் அந்த ஒரே வரிசையில் நிற்கின்றன என்றார். அதுவரை அந்த வேம்புகள் தாமாக முளைத்தவை என்றே நான் எண்ணியிருந்தேன். குனிந்து, இல்லாத ஓர் இழையைப் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அவர் முறுக்கிக் காட்டியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இரண்டாவது வரைபடம் அந்த நடையிலிருந்து வந்தது. பாவடியின் முழு நீளத்தையும் வெட்டவெளியாகவே விட்டோம். வண்டி, அடுப்பு, பந்து எல்லாவற்றுக்கும் அதில் இடம் உண்டு. மர வரிசையை ஒட்டி நீளத் திண்ணை ஒன்று கட்டினோம். தரைக்குக் கிராவல் மண்ணே போதும் என்று முடிவு செய்தோம். சிமெண்டுத் தரை பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் வெளியே விடும், மழை நீரையும் உள்ளே இறங்கவிடாது. சித்திரை வெயிலில் சேலத்துக்காரருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

படிப்பகத்துக்கு உறுப்பினர் ஒருவர், இடித்த தம் பழைய வீட்டின் செங்கற்களையும் மங்களூர் ஓடுகளையும் தந்தார். கல் போதாது என்ற நிலையில் லாரி பேக்கர் பரவலாக்கிய ‘எலிப்பொறிக் கட்டு’ என்ற செங்கல் அடுக்கும் முறையைப் பயன்படுத்தினோம். 1917இல் இங்கிலாந்தில் பிறந்து, கேரளத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த அந்தக் கட்டடக் கலைஞர், அந்தந்த ஊர்ப் பொருளைக்கொண்டு சிக்கனமாகக் கட்டுவதிலேயே தம் வாழ்நாளைச் செலவிட்டவர். செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்திக் கட்டும்போது சுவருக்குள் வெற்றிடம் விழுகிறது. ஏறத்தாழ கால்பங்கு செங்கல் மிச்சமாகும். அடைபட்ட காற்று வெப்பத்தையும் தடுக்கும். படுக்கவைத்தே பழகிய நம் கொத்தனார் முதலில் தயங்கினார். கலவை இல்லாமல் நான்கு வரி அடுக்கிப் பார்த்தார், தூக்குக்குண்டு விட்டார், கையால் தட்டிப் பார்த்தார், பிறகு சித்தாளைக் கூப்பிட்டுக் கலவை போடச் சொன்னார். அந்தச் சுவருக்கு வெளிப்பூச்சு வேண்டாம் என்று இப்போது அவரே சொல்கிறார்.

வெளித் தரைமட்டத்திலிருந்து படிப்பகத்தின் உள்தளம் 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஓர் அடி ஏற 12 அடி நீள வேண்டும். அந்தக் கணக்கில் 5.4 மீட்டர் தேவை. இவ்வளவு நீளம் எதற்கு, பாதியாகக் குறைக்கலாமே என்று செயற்குழுவிலேயே கேட்கப்பட்டது. குறைக்க நான் ஒப்பவில்லை. தை மாதத் திறப்பன்று நம் உறுப்பினரான அக்கா ஒருவர், பின்னால் தள்ள வந்தவர்களை விலக்கிவிட்டுத் தாமே சக்கரத்தை உருட்டி மேலே வந்தார். நாளிதழை எடுத்துக்கொண்டு சன்னல் ஓரத்தில் போய் இருந்துகொண்டார்.

கூரையின் பரப்பு 60 சதுர மீட்டர். ஒரு சென்டிமீட்டர் மழைக்கு 600 லிட்டர் விழும். 2003 முதல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். ஆனாலும் பல வீடுகளில் அந்தக் குழாய் சாக்கடைக்குத்தான் போகிறது. நாம் தொட்டிக்கு விட்டிருக்கிறோம். தொட்டி நிரம்பி வழிவது மரத்தடிக் குழிகளுக்குப் போகும்.

ஒரு தவறையும் பதிவு செய்ய வேண்டும். திண்ணை வேலை எடுத்த ஒப்பந்ததாரர், நான் தேர்வுக்குப் போயிருந்த வாரத்தில் மூன்று வேம்புகளின் அடிமரம் வரை கான்கிரீட் போட்டுவிட்டார். வேருக்குக் காற்றும் நீரும் போக வழியில்லை. இளைஞர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்து அதை உடைத்து எடுத்தார்கள். இரண்டு மரங்கள் துளிர்த்துவிட்டன. மூன்றாவதன் ஒரு பக்கக் கிளைகள் இன்னும் மொட்டையாக நிற்கின்றன.

பள்ளிப் பிள்ளைகளோடு கன்னங்குறிச்சி மூக்கனேரிக்கு ஒரு நாள் போய்வந்தோம். 2010இல் நகர மக்கள் சேர்ந்து சீரமைக்கத் தொடங்கிய ஏரி அது. தூர்வாரிய மண்ணையே ஏரிக்குள் திட்டுகளாக்கி மரம் நட்டார்கள். இன்று அவற்றில் பறவைகள் அடைகின்றன. திரும்பும் வழியில் ஒரு சிறுமி, நம் பாவடிக்கும் பறவை வருமா என்று கேட்டாள். வேம்பு பழுத்தால் வரும் என்றேன்.

நிறைவேறாதவை இரண்டு. பெண்களுக்கான கழிப்பறைக்கு இடம் குறித்தாயிற்று, பணம் சேரவில்லை. மாலை ஏழுக்கு மேல் பாவடியின் தென்கோடி இருட்டாக இருக்கிறது. அங்கே விளக்கு வரும்வரை பெண் பிள்ளைகள் படிப்பகத்துக்கு வரத் தயங்குவார்கள். வரும் ஆண்டில் இவ்விரண்டையும் முதலில் எடுக்கப் பேரவை தீர்மானம் நிறைவேற்றித் தர வேண்டும்.

பாவடியைக் காட்டித் தந்த தறிக்காரத் தாத்தா மாசி மாதம் காலமானார். முளைக் கற்கள் இரண்டையும் இருந்த இடத்திலேயே தரைமட்டத்துக்குத் தெரியும்படி விட்டிருக்கிறோம். அவருக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

புதிதாக நட்ட கன்றுகளுக்கு வைகாசி வரை தண்ணீர் ஊற்ற வீட்டுக்கு ஒரு நாள் என முறை எழுதி வாசலில் ஒட்டியிருக்கிறோம். கையெழுத்திடாத வீட்டார் கூட்டம் முடிந்து போகும்போது பெயரை எழுதிவிட்டுச் செல்லுங்கள். இவ்வறிக்கையைப் பேரவையின் ஏற்புக்கு வைக்கிறேன்.

செயலாளர்