ஹெரால்டுக்கு எந்த எஞ்சின்: மகளுக்கு ஒரு கடிதம்

தாம்பரம்

அன்புள்ள மகள் தேன்மொழிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். ஓசூரில் உன் நலமறிய ஆவல். தாத்தாவின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு காருக்கு வேறு எஞ்சின் ஏற்றுவதென்று முடிவெடுத்துவிட்டதாகவும், ஜிப்ஸி, 118என்இ, அம்பாசடர் 1800 ஆகிய மூன்று வண்டிகளின் எஞ்சின்களில் எது பொருந்தும் என்பதை மட்டும் சொன்னால் போதும் என்றும் எழுதியிருந்தாய். நாற்பது ஆண்டுகள் எஞ்சின் பிரித்துச் சேர்க்கும் பட்டறையிலேயே காலம் கழித்தவன் என்பதால், மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ள என் மனம் ஒப்பவில்லை.

முதலில், இப்போதுள்ள எஞ்சின் எதனால் கெட்டது என்று நமக்கு உறுதியாகத் தெரிய வேண்டும். கிளட்சை மிதிக்கும்போது அடியில் அரைக்கும் ஓசை வருவதாக எழுதியிருக்கிறாய். பானெட்டை முழுவதும் முன்னால் கவிழ்த்துவிட்டு முன்சக்கரத்தின் மேல் உட்கார்ந்துகொள். தாத்தா எப்போதும் அப்படித்தான் உட்கார்ந்து வேலை செய்வார். உள்ளே ஒருவரை கிளட்சை மிதித்து மிதித்து விடச் சொல்லி, எஞ்சினின் முன்முனையில் கிராங்க் தண்டோடு சுழலும் கிராங்க் புல்லியை மட்டும் பார்த்துக்கொண்டிரு. நல்ல எஞ்சினில் புல்லியின் முன்பின் அசைவு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டருக்குள் நிற்கும். டயல் கேஜ் என்ற அளவுகருவியை வைத்தால்தான் தெரியும். புல்லி முன்னும் பின்னும் நகர்வது வெறும் கண்ணுக்கே தெரிந்தால், கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கப் பின்பக்க மெயின் பேரிங்கில் இருக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்து, அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பில் விழுந்துவிட்டது என்று பொருள். இந்த எஞ்சினில் அது முழு வட்டமில்லை, இரண்டு பக்கமும் ஒவ்வோர் அரைவட்டத் தகடுதான். மெலிந்துவிட்டால் நழுவி விழும், அதன் பிறகு கிராங்க் நேராக பிளாக்கையே அரைக்கும். இந்த வகை எஞ்சின்களுக்கெல்லாம் உள்ள பழைய நோய் இது. நோய் இதுதான் என்றால் மருந்தும் உண்டு. பிளாக்கின் முகத்தைக் கடைந்து சமப்படுத்தி, அளவு கூடிய தடித்த வாஷர் போடலாம். எனவே எஞ்சினைத் தூக்கி எறியும் நிலை இன்னும் வரவில்லை என்பதே என் கருத்து.

அடுத்தது எடை. ஹெரால்டு ஏறத்தாழ 800 கிலோ எடையுள்ள வண்டி. சேஸிஸ் தனி, மேலுடல் துண்டு துண்டாக அதன்மேல் போல்ட்டால் பூட்டப்பட்டது. இத்தாலிய வடிவமைப்பாளர் மிச்செலோட்டி வடிவமைத்து 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்து, 1961 முதல் நம் சென்னையில் தயாரான இந்த வண்டியில் ஒவ்வொன்றும், அதாவது முன் ஸ்பிரிங்கும், நான்கு சக்கரத்து டிரம் பிரேக்கும், சிறிய டிஃபரென்ஷியலும், மெல்லிய ஆக்சில் ஷாஃப்டும், ஏறத்தாழ 35 குதிரைத்திறன் கொண்ட 948 சிசி எஞ்சினுக்கென்று அளந்து வைக்கப்பட்டவை. மாற்று எஞ்சினைத் தேடுகிறவர்கள் அநேகமாக அதன் குதிரைத்திறனைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நான் முதலில் தராசில் ஏற்றிப் பார்ப்பேன். பிறகு சம்ப்பின் ஆழமான பகுதி முன்னே இருக்கிறதா பின்னே இருக்கிறதா, ஸ்டீயரிங் தண்டுக்குப் பக்கத்தில் புகைக்குழாய் போகிறதா, கியர் லீவர் எந்த இடத்தில் வெளியே வரும் என்று பார்ப்பேன். குதிரைத்திறன் கடைசியில்தான் வரும்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். நீ பிறப்பதற்கு முன், எரிபொருள் செலவு குறைய வேண்டும் என்று கேட்ட ஒருவருக்காக இதே போன்ற ஒரு ஹெரால்டில் டீசல் எஞ்சின் ஏற்றிக் கொடுத்தேன். பொருத்திய வேலையில் குறையில்லை, ஓட்டமும் நன்றாகவே இருந்தது. எட்டு மாதம் கழித்து அந்த வண்டி பட்டறைக்குத் திரும்பி வந்தபோது முன்பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. கீழே படுத்து, சேஸிஸில் படிந்திருந்த சேற்றைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பார்த்தேன். எஞ்சின் மவுண்ட் பற்றவைத்த இடத்திலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு விரிசல் ஓடியிருந்தது. அந்தக் குடும்பம் அதே வண்டியில் குழந்தைகளோடு திருப்பதி போய் வந்திருக்கிறது. அந்த விரிசலை நான் இன்றுவரை மறக்கவில்லை. பணம் வாங்காமல் பழைய எஞ்சினையே திரும்ப ஏற்றிக் கொடுத்தேன்.

இனி உன் மூன்று எஞ்சின்களுக்கு வருகிறேன். அம்பாசடர் 1800-இல் வந்த இசுசு எஞ்சின் 1817 சிசி, பிளாக் வார்ப்பிரும்பு, கனம் அதிகம். பெரிய வண்டிக்கு அருமையான எஞ்சின், ஹெரால்டுக்கு வேண்டவே வேண்டாம். 118என்இ-யில் வந்த நிசான் ஏ12 எஞ்சின் 1171 சிசி. அதுவும் புஷ்ராடு வைத்த எளிய எஞ்சின்தான், பின்சக்கர இழுவைக்கான கியர்பாக்ஸும் உடன் கிடைக்கும், வண்டியின் குணத்தோடும் ஒத்துப்போகும். ஆனால் நல்ல நிலையில் ஒன்றைக் கண்டுபிடிப்பது, 948-க்கு நல்ல பிளாக் கண்டுபிடிப்பதைவிட எளிதென்று எனக்குத் தோன்றவில்லை. பொருத்தம் மட்டும் பார்த்தால் ஜிப்ஸியின் 1298 சிசி எஞ்சினைத்தான் சொல்வேன். பிளாக்கே அலுமினியம் என்பதால் முன்பக்கம் பாரம் ஏறாது. இழுவையை நான்கு சக்கரங்களுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனியாக இருப்பதால் ஐந்து கியர் பாக்ஸை மட்டும் எடுத்து, புரொப்பெல்லர் ஷாஃப்டை வெட்டி அளவாக்கிப் பூட்டிவிடலாம். கிளட்ச் மட்டும் அதில் கேபிள், நம்முடையதில் ஹைட்ராலிக். அது பெரிய வேலையில்லை.

ஆனால் ஃப்யூயல் இஞ்செக்‌ஷன் வந்த பிறகான ஜிப்ஸி எஞ்சின் 80 குதிரைத்திறன் தரும், அதாவது இப்போதுள்ளதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நீ ஏற்காட்டு மலைப்பாதையைப் பற்றி எழுதியிருக்கிறாய். ஹெரால்டின் பின்சக்கரங்கள் தனித்தனியே ஊசலாடும் ஸ்விங் ஆக்சிலில் நிற்பவை. வளைவில் வேகமாக நுழைந்துவிட்டு, பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் எழும்பி, சக்கரம் உள்நோக்கி மடியும், வண்டி பிடி விடும். ஹெரால்டின் வழியில் 1972-இல் வந்த ஸ்டாண்டர்டு கெசல் காருக்கு இதை விட்டு நேர் ஆக்சில் கொடுத்தார்கள். 35 குதிரைத்திறனில் இந்தக் குணத்தோடு சமாளித்து ஓட்டலாம். 80-இல் நீ ஓட்டிப் போக நான் இங்கே நிம்மதியாக இருக்க மாட்டேன், கண்ணம்மா.

சட்டத்தையும் பார்க்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றிலுள்ள விவரங்கள் தயாரித்தவர்கள் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்திருக்கிறது. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது ஆய்வாளர் எஞ்சின் எண்ணைத்தான் தேடுவார். நம் வண்டி 1967-இல் பதிவானது, ஐம்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டது. 2021-இல் வந்த விதிப்படி அதை விண்டேஜ் வண்டியாகப் பதிவு செய்யும் உரிமை நமக்கு உண்டு, ஆனால் சேஸிஸிலோ உடலிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாடம் ஓட்ட முடியாது என்பதால் இப்போதே பதியச் சொல்லவில்லை. பின்னாளில் நீ விரும்பினால் அந்த வாசல் திறந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றையும் நினைத்துப் பார். இந்த 948 பலவீனமான பரம்பரையில் வந்ததல்ல. 1953-இல் 803 சிசி-யாகப் பிறந்த எஞ்சின் குடும்பம் பின்னாளில் டிரையம்ப் ஸ்பிட்ஃபயரில் 1493 சிசி வரை வளர்ந்தது. ஸ்டாண்டர்டு நிறுவனமே 1985-இல், இங்கிலாந்தின் ரோவர் எஸ்டி1 காரின் அழகான உடலுக்குள், தங்கள் பழைய வேன்கார்டு காரின் வழிவந்த எஞ்சினை வைத்து ஸ்டாண்டர்டு 2000 என்று கொண்டுவந்தது. உடலும் எஞ்சினும் ஒன்றுக்கொன்று பொருந்தாத அந்த வண்டி நிலைக்கவில்லை. நம் ஹெரால்டில் இரண்டும் பொருந்தியே இருக்கின்றன.

ஆகவே என் யோசனை இதுதான். நம் எஞ்சினையே கழற்று. 63 மில்லிமீட்டர் போர், அதாவது சிலிண்டர் துளை, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று நானே அளந்து, துளையைப் பெரிதாக்கி ரீபோர் செய்வதா, உள்ளே புது உறையாக ஸ்லீவ் இறக்குவதா என்று முடிவு செய்கிறேன். ஈயமில்லாத பெட்ரோலுக்காகப் புகைபோக்கி வால்வுகளுக்குக் கடினமான சீட் போடுவோம். இப்போதைய பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்திருப்பதால், பம்ப்பின் டயஃப்ரமும் ரப்பர் குழாய்களும் அதைத் தாங்கும் வகையாக இருக்க வேண்டும். பிளாக் உண்மையிலேயே தேறாது என்றால், புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளில் கெசலின் 948 ஒன்றை நானே அலைந்து தேடுகிறேன். அதே வகை எஞ்சின் என்றாலும் எண் மாறும், ஆகவே வாங்குவதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் அனுமதி கேட்டுக்கொள்வோம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை புல்லியின் அசைவை அளந்து அந்த எண்ணை எனக்கு அனுப்பு. சம்ப்பைக் கழற்றும்போது அடியில் கிடக்கும் தகட்டுத் துண்டுகளை எறியாமல் ஒரு டப்பாவில் போட்டு வை; எந்தப் பக்கம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அவற்றைப் பார்த்தாலே சொல்லிவிடுவேன். கிராங்கைத் தனியே எடுத்தால் எண்ணெய் தடவித் துணி சுற்றி, ஃப்ளைவீல் முனை கீழே இருக்கும்படி நிமிர்த்தி நிறுத்திக் கட்டி வை. தரையில் படுக்கவைக்காதே, வளைந்துவிடும்.

அன்புடன்,
உன் அப்பா