அந்த ஒரு நொடிக்கு நன்றி

அனைவருக்கும் வணக்கம்.

காமாக் கதிர் வெடிப்பு (தொலைதூர விண்வெளியில் திடீரென நிகழ்ந்து, மிகுந்த ஆற்றலுடைய காமாக் கதிர்களை வீசும் வெடிப்பு) பற்றிய என் முதுநிலை ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டேன். அதன் நன்றியுரைக்கு ஒரு பக்கம் போதவில்லை. விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன்.

முதல் நன்றி, நான் நேரில் கண்டிராத, காமாக் கதிர்களை ஆராயும் ஃபெர்மி விண்வெளித் தொலைநோக்கியின் குழுவுக்கு. 2012 மார்ச் 29 அன்று அதன் திட்ட அறிவியலாளர் ஜூலி மெக்கனெரிக்கு ஓர் எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தது. செயலிழந்த சோவியத் உளவுச் செயற்கைக்கோள் காஸ்மோஸ் 1805, சில நாட்களில் ஃபெர்மியின் பாதையில் குறுக்கிடப்போகிறது. சுமார் 200 மீட்டர் இடைவெளியில் தப்பிவிடலாம் என்றது கணக்கு. ஆனால் அதை நம்பிக் கைகட்டி இருக்க முடியுமா? விலக வேண்டுமென்றால், ஆயுள் முடிந்தபின் தொலைநோக்கியைக் கீழிறக்குவதற்காகப் பொருத்திய உந்துபொறிகளை இயக்க வேண்டும். 2008இல் ஏவியதிலிருந்து அவற்றை யாரும் தொட்டதே இல்லை. எரிபொருள் கசிந்தால் தொலைநோக்கியே போய்விடும். ஏப்ரல் 3 அன்று துணிந்து ஒரே ஒரு நொடி இயக்கினார்கள். ஃபெர்மி பிழைத்தது.

ஓராண்டுக்குச் சற்று மேல் கழித்து, 2013 ஏப்ரல் 27 அன்று, சிம்ம விண்மீன் குழுவின் திசையில் ஜிஆர்பி 130427ஏ என்று பெயரிடப்பட்ட காமாக் கதிர் வெடிப்பு தென்பட்டது. சுமார் 360 கோடி ஆண்டுகள் பயணம் செய்து வந்த கதிர்கள் அவை. ஃபெர்மி ஏறத்தாழ 20 மணி நேரம் அதன் காமாக் கதிர்களைப் பதிவு செய்தது. என் ஆய்வேடே அந்தப் பதிவுகளைக் கொண்டுதான். அந்த ஒரு நொடியை நினைத்தால் இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

அடுத்து, தரவுகளைப் பூட்டிவைக்காமல் 2009 முதல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவிட்டவர்களுக்கு. காமாக் கதிரை ஆடியால் குவிக்க முடியாது. டங்ஸ்டன் தகட்டில் மோதி அது எலெக்ட்ரான், அதன் எதிர்த்துகளான பாசிட்ரான் ஆகியவற்றின் இணையாக மாறும். அந்த இணையின் தடத்தைச் சிலிக்கான் பட்டைகளில் பின்தொடர்ந்துதான் கதிர் வந்த திசையை அறிகிறார்கள். இத்தனை பாடுபட்டுச் சேர்த்ததை, பெயர் தெரியாத ஒரு மாணவிக்கும் தந்தார்கள். ஆற்றல் குறைந்த காமாக் கதிர்த் துகள்களை வடிகட்டிக்கொண்டே வந்தபோது, வெடிப்பு தொடங்கி 244ஆவது நொடியில் ஒரு புள்ளி மட்டும் மற்றவற்றுக்கெல்லாம் மேலே தனியாக நின்றது. அதன் ஆற்றல் 95 கிகா எலெக்ட்ரான் வோல்ட் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு). முதற்கட்ட வெடிப்பு அடங்கிய பிறகு இவ்வளவு ஆற்றலோடு ஒரு துகள் எப்படி வந்தது என்பதே என் ஆய்வேட்டின் பெரும்பகுதி.

எங்கள் நெறியாளர் ஐயா, வெடிப்போடு தொடர்பில்லாத பின்புலக் கதிர்களைக் கழித்த முறையை வரிவரியாகத் திருத்தித் தந்தார். கணினி ஆய்வகப் பொறுப்பாளர் அக்கா, கணக்கீடு முடியும்வரை இரவிலும் கதவைத் திறந்து வைத்தார். அவர்கள் இல்லையென்றால் இந்த வேலை நடந்திருக்காது.

ஆய்வேட்டின் பிரதியையும் நான் எழுதிய நிரல்களையும் துறை நூலகத்தில் வைத்திருக்கிறேன். அடுத்து வரும் தம்பி தங்கைகள் தயங்காமல் கேளுங்கள். உடன் உட்கார்ந்து சொல்லித்தருகிறேன்.

நன்றியுடன்,
முதுநிலை இயற்பியல் மாணவி