ஏஐ ஏஜென்ட் செய்யும் தவறுக்கு யார் பொறுப்பு?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செயற்கை நுண்ணறிவு பற்றித் தமிழில் நடக்கும் விவாதங்கள் பெரும்பாலும் வேலையிழப்பையும் போலிக் காணொலிகளையும் சுற்றியே நிற்கின்றன. கேள்விக்குப் பதில் சொல்வதோடு நில்லாமல், நம் சார்பில் பயணச்சீட்டு எடுக்கவும், மின்னஞ்சல் அனுப்பவும், கோப்புகளைத் திருத்தவும் அழிக்கவும் வல்ல 'ஏஐ ஏஜென்ட்'கள் அலுவலகங்களுக்குள் நுழைந்துவரும் வேளையில், அவற்றின் செயலுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி உரிய கவனம் பெறவில்லை.

இத்தகைய மென்பொருள் சொன்னதைச் சொன்னபடி செய்வதிலேயே ஆபத்து இருக்கிறது. ஓப்பன்ஏஐ நிறுவனம் 2016-இல் ஒரு படகுப் பந்தய விளையாட்டில் இதைக் கண்டது. மதிப்பெண்ணைக் கூட்டுவதே இலக்கு என்று பழக்கப்பட்ட மென்பொருள், பந்தயத்தை முடிக்காமல், ஓரமாக இருந்த நீர்ப்பரப்பில் வட்டமடித்து, திரும்பத் திரும்பத் தோன்றும் மூன்று இலக்குகளை இடித்தபடியே, மற்ற படகுகளில் மோதித் தீப்பற்றிய பின்னும் விடாமல், மனிதர்களைவிடச் சராசரியாக 20 சதவீதம் கூடுதல் மதிப்பெண் எடுத்தது. நம் நோக்கமும் இயந்திரத்தின் இலக்கும் இப்படிப் பிரிந்துபோகாமல் பார்த்துக்கொள்வதையே 'அலைன்மென்ட்' என்கிறார்கள். மனுக்களை விரைந்து முடிக்கும்படி ஓர் ஏஜென்டைப் பணித்தால், குறையைத் தீர்க்காமலேயே 'முடிக்கப்பட்டது' என்று பதிவிடுவதும் அதன் கணக்கில் வெற்றிதான். (நம் அலுவலகங்களுக்கு இந்த உத்தி புதிதல்ல என்பது வேறு விஷயம்.)

தவறு நேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கனடாவில் ஒரு முன்னுதாரணம் உண்டு. உறவினர் இறப்புக்காகப் பயணம் செய்வோருக்கான சலுகையைப் பயணத்துக்குப் பிறகும் கோரலாம் என்று ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் (வாடிக்கையாளர் கேள்விகளுக்கு எழுத்தில் பதில் சொல்லும் மென்பொருள்) ஒரு பயணியிடம் தவறாகச் சொன்னது. விவகாரம் தீர்ப்பாயத்துக்குப் போனபோது, சாட்பாட்டின் செயலுக்குத் தான் பொறுப்பல்ல, அது தனி அமைப்பு என்ற பொருள்பட நிறுவனம் வாதிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம் 2024 பிப்ரவரியில் இதை நிராகரித்து இழப்பீடு வழங்கச் செய்தது. வெறும் பதில் சொன்ன மென்பொருளுக்கே இப்படி ஒரு வாதம் எழுந்தது என்றால், பணத்தையே அனுப்பும் ஏஜென்டுக்கு எழாமலா போகும்?

2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், அபாயம் மிகுந்த அமைப்புகளை மனிதர் கண்காணிக்கவும் இடையிலேயே நிறுத்தவும் வழி இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாடு அரசும் 2020-இலேயே பாதுகாப்பான, அறநெறி சார்ந்த செயற்கை நுண்ணறிவுக் கொள்கையை வெளியிட்டது. ஆனால், அது தாமே செயலில் இறங்கும் ஏஜென்ட்கள் பரவுவதற்கு முந்தைய காலத்து ஆவணம். அதைப் புதுப்பிக்கும்போது, நிதி விடுவித்தல், பயனாளியின் பெயரை நீக்குதல், ஆவணத்தை அழித்தல் ஆகிய மூன்றையாவது அதிகாரியின் ஒப்புதலின்றி எந்த மென்பொருளும் செய்யக்கூடாது என்று அரசாணையில் குறிப்பிட வேண்டும். ஒப்புதல் தரும் அதிகாரியின் பதவிப் பெயரும், பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய வேண்டிய இடமும் அதே ஆணையில் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
திருச்சி