சைதாப்பேட்டை பிள்ளையார் கோயில்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கும்பாபிஷேகம் ஆவணியில் நல்லபடியாக நடந்தேறி, 48 நாள் மண்டல பூஜையும் பூர்த்தியாகிவிட்டது. கருங்கல் தரை, மின்வேலை, மடப்பள்ளிப் புகைபோக்கி, கலசங்களில் புது வரகு எல்லாம் குறித்த தொகைக்குள் முடிந்தன. அவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்பதெல்லாம் விமானத்தையும் வெளிச்சுவரையும் பற்றித்தான்: 18 லட்சம் மதிப்பீடு 23 லட்சத்தைத் தாண்டியது ஏன், முதல் ஒப்பந்ததாரர் பாதியில் போனது ஏன்? "ஃபிட்டர் ஐயா பிடிவாதத்தாலே கோயில் பணம் போச்சு" என்று பொதுக்குழுவிலேயே ஒருவர் பேசினார். எங்களோடு குழுவில் இருந்து மாசியில் காலமான ஃபிட்டர் ஐயா எழுந்து வந்து பதில் சொல்லப் போவதில்லை. சிமெண்ட் கலந்த பூச்சைக் கொத்தி எடுக்கச் சொன்ன முடிவில் அவரோடு கையெழுத்திட்ட நாங்கள் சொல்கிறோம்.

2015 டிசம்பரில் அடையாறு மறைமலை அடிகள் பாலத்தின் மேலேறிப் போனபோது நம் கோயிலுக்குள்ளும் தண்ணீர் நின்றது. பிறகு அவசரமாகச் சுவருக்குச் சிமெண்ட் பூசினோம். சில வருஷத்திலேயே உப்புப் பூத்து, பத்தை பத்தையாக உரிந்தது. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவர் அது. ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக வெளியேறிவிடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். ஸ்தபதியும் அதையே சொன்னார். அதனால்தான் இந்த முறை, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புக் காரை மட்டுமே என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினோம்.

2023 ஐப்பசி. ஐயாவுக்கு 80 கடந்துவிட்டது. ஆனாலும் காலையில் வேலை தொடங்கும் முன்பே பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்துவிடுவார். ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த நாளிலிருந்து வைத்திருந்த ஸ்பேனரால் அன்று தெற்குச் சுவரைத் தட்டிப் பார்த்தார். இரண்டு நாள் முன்பு பூசிய காரையில் நகம் பதிய வேண்டும். அது 'டங்' என்றது. மடப்பள்ளிக்குப் பின்னால் தார்ப்பாயைத் தூக்கினால் காலி சிமெண்ட் சாக்குகள். "மழைக்கு முன்னே முடிக்கணும், பலத்துக்குக் கொஞ்சம் கலந்தோம் ஐயா" என்றார் மேஸ்திரி. ஐயா சத்தம் போடவில்லை. "கொத்தி எடுத்துடுங்கப்பா. உங்க கூலிக்கு நான் பொறுப்பு" என்றார்.

ஒப்பந்ததாரர் மறுத்தார். மீதித் தொகை முழுவதும் கேட்டார். தர மறுத்ததும் சாரத்தை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டார். டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. அரைகுறையாக நின்ற விமானம் நனைந்து சுதைச் சிற்பங்கள் சிதைந்தன. வேறு ஆட்கள் கொத்திய கூலி, மறுபடி சவுக்குச் சாரம், சுதை வேலைக்காரர் கூலி, தை மாதம் வந்த புது ஒப்பந்ததாரரின் கூடுதல் விலை: தாண்டிய பணம் முழுக்க இதில்தான் போனது. பழையவருக்கு, செய்த வேலையை அளந்து உரியதைக் கொடுத்து, பாக்கி இல்லை என்று எழுதி வாங்கிவிட்டோம். மேஸ்திரியின் ஆட்களுக்கு ஐயா தம் பென்ஷனிலிருந்து கூலி கொடுத்தார். அது கோயில் கணக்கில் ஏறவே இல்லை.

அதைப் பிடிவாதம் என்றால் சொல்லிக்கொள்ளுங்கள். வெள்ளத்தின்போது மண்டபத்தில் அடுப்பு மூட்டி, ஆற்றங்கரைக் குடிசைக்காரர்களுக்கு முதல் பந்தி என்று நின்றதும் அதே பிடிவாதம்தான். பத்து ரூபாய் கொடுத்தவருக்கும் ரசீது எழுதாமல் விடமாட்டார். அப்படி ஒரு மனிதர் நம்மிடையே இருந்தது நாம் செய்த பாக்கியம்.

உபயதாரர்கள்: பஜார் ரோடு பூக்கடைக்காரர்கள், ஜோன்ஸ் ரோடு மளிகைக்கடைக்காரர், சின்னமலை ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள், எலெக்ட்ரிக் டிரெயினில் ஐயாவோடு போய்வந்த பழைய ஐ.சி.எஃப். தோழர்கள், வீட்டு வேலை செய்து மாதா மாதம் நூறு ரூபாய் கட்டிய ஆற்றங்கரைத் தாய்மார்கள், மற்றும் பலர். எல்லோர் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது. ஐயா பெயர் ஏன் இல்லை என்று சண்டைக்கு வருகிறார்கள். வேண்டாம் என்று தம் கையால் எழுதிக் கொடுத்திருக்கிறார். அதை மீற எங்களுக்கு மனம் வரவில்லை.

மீந்த சுண்ணாம்பு தொட்டியில் தண்ணீருக்குள் இருக்கிறது. பூச்சு எங்கே விட்டாலும் இனி அதுதான். ரசீதுகளும் பில்களும் வெள்ளிக்கிழமை மாலையில் அலுவலகத்தில் இருக்கும். எந்த உறுப்பினரும் வந்து பார்க்கலாம். தருவதாகச் சொன்ன தொகையில் பாக்கி வைத்திருப்பவர்கள் கார்த்திகைக்குள் கட்டிவிடக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்